தீர்ப்பும் நிறுவனமும்: அஸ்மா ஜஹாங்கீரின் சட்டப்பணி

முன்னுரை

பாகிஸ்தானின் மனித உரிமை வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர் (1952-2018) துணிவின் உருவாகவே பெரிதும் போற்றப்படுகிறார். அத்துணிவு எவ்வகைச் சட்டப்பணியாக வடிவம் பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தீர்ப்பு மட்டும் உரிமையைக் காக்காது என்னும் அனுபவமே அவரை நிறுவனங்களைக் கட்டமைக்கும் பணிக்கு இட்டுச் சென்றது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

தீர்ப்பின் எல்லை

1971 டிசம்பரில் அவருடைய தந்தை மாலிக் குலாம் ஜிலானி காவலில் வைக்கப்பட்டார். அதனை எதிர்த்து 19 வயது அஸ்மா தொடுத்த வழக்கில், 1972 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெற்றி பெற்ற புரட்சி தனக்கான சட்டத்தைத் தானே படைக்கும் என ஹான்ஸ் கெல்சனின் கோட்பாட்டைச் சார்ந்து 1958இல் தோசோ வழக்கில் கூறப்பட்ட முடிவை அது தள்ளியது. யாஹ்யா கானை அதிகாரத்தைச் சட்டவிரோதமாகக் கைப்பற்றியவர் என அறிவித்தது. ஆயின், யாஹ்யா அப்போது பதவியில் இல்லை. 1977இல் ஜியா-உல்-ஹக் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அதே நீதிமன்றம் ‘தேவைக் கோட்பாட்டின்’ பெயரால் அவருடைய இராணுவ ஆட்சியை ஏற்றது. முஷாரப்பின் 2007ஆம் ஆண்டு நெருக்கடிநிலை செல்லாது என்ற தீர்ப்பும் அவர் பதவி விலகிய பின், 2009இல்தான் வந்தது. ஆட்சியாளர் அகன்ற பின்னரே நீதிமன்றம் உறுதியாகப் பேசியது என்பதை இவ்வரிசை காட்டுகிறது.

நிறுவனங்களின் பணி

ஜியா ஆட்சியில், 1980இல், தங்கை ஹினா ஜிலானி உள்ளிட்ட பெண் வழக்கறிஞர்களுடன் அஸ்மா ஒரு சட்ட அலுவலகத்தைத் தொடங்கினார். இரு பெண்களின் சாட்சியத்தை ஓர் ஆணின் சாட்சியத்திற்கு இணையாக்க முனைந்த சட்ட முன்வரைவை எதிர்த்து, 1983 பிப்ரவரி 12 அன்று லாகூரில் பெண்கள் ஊர்வலம் சென்றனர். காவலர் தடியடி நடத்தினர். 1984இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அவ்விதி நிதிசார் ஆவணங்களின் அளவில் சுருங்கியது. வழக்காடலும் மக்கள் எதிர்ப்பும் இணைந்து இயங்கிய காலம் இது.

செங்கற்சூளைகளில் ‘பேஷ்கி’ எனப்பட்ட முன்பணம் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிணைத்து வைத்திருந்தது. அக்கொத்தடிமைகளுக்காகவும் அவர் வாதாடினார். 1992ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்து, அக்கடன்களையும் நீக்கியது. பெற்றோர் விருப்பத்திற்கு மாறாக மணந்த பெண்ணின் திருமணம் செல்லும் என 1997இல் லாகூர் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையால் தீர்ப்பளித்த வழக்கிலும் அவர் பங்கு பெரிது. அப்பெண்ணுக்குப் புகலிடம் அளித்தது அவருடைய அலுவலகத்தைச் சார்ந்த காப்பகமே. காப்பகம் இல்லையெனில், தீர்ப்பு வரும்வரை அப்பெண் தன் முடிவில் நிலைத்திருத்தல் அரிது.

நீதிமன்றம் எட்டாத இடங்களில் உரிமை மீறல்களைப் பதிவு செய்யும் பணியைப் பாகிஸ்தான் மனித உரிமை ஆணையம் மேற்கொண்டது. அரசுசாரா அமைப்பான அதன் நிறுவனர்களுள் அஸ்மாவும் ஒருவர். இலங்கைப் போர்க்கால மீறல்கள் குறித்த ஐ.நா. விசாரணைக்கு 2014இல் அமர்த்தப்பட்ட மூன்று வல்லுநர்களுள் ஒருவராக அவர் பணியாற்றியதும் இந்நெறியின் தொடர்ச்சியே. இலங்கைக்குள் நுழைய இசைவு மறுக்கப்பட்ட நிலையிலும் அவ்விசாரணை சாட்சியங்களைத் திரட்டியது.

முடிவுரை

1972ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதிகாரத்தின் முறைமையை வினவியது. அவ்வினாவை அஸ்மா சூளைக்கும் இல்லத்திற்கும் கொண்டு சென்றார். தீர்ப்பு தாமதிக்கும் காலத்தில் மனிதரைக் காத்தலும் சான்றுகளைப் பேணுதலும் சட்டப்பணியின் கூறுகளே என நிறுவியது அவர்தம் வரலாற்றுப் பங்களிப்பாகும்.