குதிரையும் கலப்பையும்

மைசூர்த் தசராப் பவனியில் ஈட்டி ஏந்திய குதிரைவீரர் செல்லக் காண்கிறோம். அழகுக்காக அமைந்த அணி என்றே எண்ணிவிடுகிறோம். அங்ஙனமன்று.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மைசூர் அரசு 4,000 குதிரைவீரரை எந்நாளும் வைத்திருக்கவேண்டும் என 1807-ஆம் ஆண்டு உடன்படிக்கை விதித்தது. அக்காலத்துச் சிலேதார் முறையில் குதிரையும் படைக்கலமும் வீரனுடையவை. அரசு தருவது சம்பளம் மட்டுமே. குதிரை நோயில் மடிந்தால் குடும்பமே நிலைகுலையும். உழவன் தன் எருதை எண்ணிக் கலங்குவதும் இதுதானே!

பின்னர் எழுந்த மைசூர் லான்சர் படை 1914-இல் எகிப்துக்குக் கப்பலேறிற்று. 1918 செப்டம்பர் 23-ஆம் நாள், பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் காத்துநின்ற ஹைபா நகரை ஜோத்பூர் வீரரும் நம் மைசூர் வீரரும் ஈட்டியும் வாளும் கொண்டே கைப்பற்றினர். செங்குத்தான கார்மேல் மலைமீது குதிரையோடு ஏறிப் பீரங்கிகளை அடக்கியவர் மைசூரார். மாண்ட வீரர் எண்மர், குதிரைகளோ அறுபது. பகைவருள் சிறைப்பட்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

1920-இல் படை தாயகம் திரும்பிற்று. பணி நீங்கிச் சிற்றூர் புகுந்தவர்க்கு நிலமே கதி. அந்நிலமும் பெரும்பாலும் கேழ்வரகு விளையும் மானாவாரி. கண்ணம்பாடி அணைவேலை 1911-லேயே தொடங்கிற்று எனினும், அதன் பெருங்கால்வாய் மண்டியா வயல்களுக்கு நீர் கொணர்ந்தது 1930-களில்தான். மலையேறி வென்றவர் பத்தாண்டுக்கு மேலாக வானத்தையே நோக்கியிருந்தனர்.

1953-இல் மைசூர் லான்சர் 61-ஆவது குதிரைப்படையில் கலந்தது. தில்லி தீன்மூர்த்தியில் 1922-இல் நிறுவிய வெண்கல வீரர் மூவருள் ஒருவன் மைசூரான். அங்குச் செல்லும் அன்பர்கள் அவன்முன் சற்றே நிற்குமாறு வேண்டுகிறோம்.