மதுரையில் ஊரடங்கு: பயன் பற்றிய வழக்கு

கொள்ளைநோய்க் காலத்து ஊரடங்கு பயனுடையதா என்னும் வழக்கு மதுரை வட்டாரத்தில் இன்னும் தீர்ந்திலது. 2020 மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. தமிழகத்தின் முதற் கொரோனாச் சாவும் அன்றே மதுரையில் நிகழ்ந்தது. மே 4இல் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தை மக்கள் திரையில் மட்டுமே கண்டனர்; அழகர் வையையில் எழுந்தருளவில்லை. சூன் 24 முதல் நகரிலும் சுற்றூர்களிலும் கட்டுப்பாடு மீண்டும் கடுமையாயிற்று.

உடன்பட்டோர் காக்கப்பட்ட உயிரைச் சுட்டினர். மறுத்தோர் மல்லிகை விற்கவியலா உழவரையும் கூலியிழந்தோரையும் சுட்டினர். இவ்விரு சான்றும் ஒரு தன்மையன அல்ல. இழந்த கூலி கண்கூடு. நிகழாது தவிர்ந்த சாவோ கணிப்பால் மட்டுமே அறியப்படுவது. கண்ணுக்குப் புலனாகாமையின் அது பொய்யாகிவிடாது. புலனாதலின் மற்றது மிகையாகிவிடவும் செய்யாது. ஆதலின், யார் காக்கப்பட்டனர், அச்சுமையை யார் தாங்கினர் எனப் பிரித்து ஆராய்தலே வரலாற்று நெறி என்பது எம் துணிபு.