ஜூன்டீன்த்

அமெரிக்காவில் அடிமை முறை முடிவுக்கு வந்ததை நினைத்து ஆண்டுதோறும் ஜூன் 19 அன்று கறுப்பின மக்கள் கூடிக் கொண்டாடும் நாள் ஜூன்டீன்த். ஜூன், நைன்டீன்த் என்ற இரண்டும் பேச்சில் ஒட்டி உண்டான பெயர் இது. டெக்சஸ் மாநிலத்தில் 1866இல் ஊர்க் கூட்டமாகத் தொடங்கிய இந்நாள், 2021 முதல் நாடு முழுவதற்குமான அரசு விடுமுறை. இடைப்பட்ட 155 ஆண்டுகளில் பெரும்பகுதி இதைக் காப்பாற்றி வந்தவர்கள் தேவாலயச் சபையாரும் குடும்பத்துப் பெரியவர்களும்தான்.

வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அதிபர் ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரிந்துபோன தென் மாநிலங்களின் அடிமைகள் அன்றுமுதல் விடுதலை பெற்றவர்கள் என்றது அது. அதே நாளில்தான் டெக்சஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தைத் தென்படை வடபடையிடமிருந்து மீட்டுக்கொண்டது. வடபடை போகாத இடத்தில் பிரகடனம் வெறும் காகிதம். அதைப் புரிந்துகொண்ட பக்கத்து மாநிலப் பண்ணையார்கள் தம் அடிமைகளை ஓட்டிக்கொண்டு டெக்சஸுக்குள் வந்து சேர்ந்தார்கள். போர் முடியும்போது அங்கே ஏறத்தாழ 2,50,000 பேர் அடிமைகளாக இருந்தனர்.

தென்படைத் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தது 1865 ஏப்ரல் 9. அதற்கும் இரண்டு மாதம் கழித்து, ஜூன் 19 அன்று, வடபடையின் மேஜர் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் அடிமைகளின் விடுதலையை அறிவிக்கும் பொது ஆணை எண் 3ஐக் கால்வெஸ்டனில் வெளியிட்டார். விடுதலைச் செய்தி வந்து சேரவே இரண்டரை ஆண்டு ஆகிவிட்டது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. எஜமானர்களுக்குச் செய்தி தெரியும். அடிமைகளில் பலர் காதுக்கும் எட்டியிருந்தது. அதைச் செயல்படுத்த ஆள் இல்லை என்பதே உண்மை. ஆணை வந்த பிறகும், அறுவடை முடியட்டும் என்று அதை மறைத்த பண்ணையார்கள் உண்டு.

அந்த ஆணையை முழுதாகப் படிக்க வேண்டும். எஜமானரும் அடிமையாக இருந்தவரும் இனி உரிமையிலும் உடைமையிலும் முற்றிலும் சமம் என்கிறது முதற்பகுதி. அடுத்த பகுதியோ, இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு உழையுங்கள், படைமுகாம்களில் வந்து கூடக்கூடாது, சோம்பியிருந்தால் ஆதரவு கிடைக்காது என்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூலியே காணாமல் உழைத்தவர்களிடம் சொன்ன சொல் இது. நாடு முழுவதும் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1865 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. டெலவேர், கென்டக்கி மாநிலங்களில் மிஞ்சியிருந்தவர்கள் விடுபட்டது அப்போதுதான்.

மறு ஆண்டே கொண்டாட்டம் தொடங்கியது. கூடுவதற்கு இடம்தான் இல்லை. பொது இடங்களில் அனுமதி மறுக்கப்பட்டதால் ஆற்றங்கரைகளிலும் தேவாலய வளாகங்களிலும் கூடினார்கள். 1872இல் ஹூஸ்டனில், அடிமையாகப் பிறந்து போதகரான ஜாக் யேட்ஸும் அவருடைய தோழர்களும் பணம் திரட்டி 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். இந்நாளுக்காகவே வாங்கிய அந்த நிலம் இன்றும் எமான்சிபேஷன் பூங்காவாக இருக்கிறது. பின்னாளில் அது நகராட்சி வசம் போனது. 1940 வரை பல ஆண்டுகள், ஹூஸ்டனில் கறுப்பினத்தவர் நுழையக்கூடிய ஒரே பொதுப் பூங்கா அதுதான்.

விழாவின் நடைமுறை அதிகம் மாறவில்லை. காலையில் ஜெபம். பிறகு ஒருவர் எழுந்து விடுதலைப் பிரகடனத்தையோ ஆணை எண் 3ஐயோ உரக்க வாசிப்பார். முன்பெல்லாம் அடிமையாக வாழ்ந்த முதியவர்களே எழுந்து தம் கதையைச் சொன்னார்கள். அப்புறம் ஊர்வலம், பேஸ்பால், குதிரை விளையாட்டு, விறகுப் புகையில் மணிக்கணக்கில் வெந்த இறைச்சி. மேசையில் சிவப்பு இல்லாமல் இருக்காது: சிவப்பு சோடா, தர்பூசணி, காரமான சாசேஜ், சிவப்புக் கேக். சிந்திய ரத்தத்தின் நினைவு என்பார்கள் சிலர். மேற்கு ஆப்பிரிக்காவில் செம்பருத்தி இனப் பூவை ஊறவைத்துக் குடித்த சிவப்புப் பானத்தின் தொடர்ச்சி என்பார்கள் வேறு சிலர்.

மகிழ்ச்சி நாளாக மட்டும் இது இருந்ததில்லை. 1936 ஜூன் 19 அன்று டல்லஸ் கண்காட்சியில் கறுப்பின வாழ்வைக் காட்டும் தனி அரங்கு திறக்கப்பட்டது. கண்காட்சி முடிந்ததும் அதை இடித்துவிட்டார்கள். டெக்சஸின் மெஹேயா ஊரின் ஏரிக்கரையில் பெருங்கூட்டம் கூடும் விழா ஒன்று உண்டு. 1981இல் அங்கே கைதான மூன்று கறுப்பின இளைஞர்களைக் காவலர்கள் படகில் ஏற்றி ஏரியைக் கடந்தபோது படகு கவிழ்ந்தது. மூவரும் இறந்தனர், காவலர்கள் பிழைத்தனர். வழக்கில் காவலர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அதன்பின் அந்த விழாவுக்கு வரும் கூட்டமும் குறைந்தது.

தெற்கிலிருந்து வேலை தேடிப் போனவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ், ஓக்லண்ட் எனப் போன இடமெல்லாம் இந்நாளையும் கொண்டு சென்றார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968இல், ஏழைகளுக்காக அவர் திட்டமிட்டிருந்த இயக்கத்தின் பெரும் பேரணி வாஷிங்டனில் ஜூன் 19 அன்றே நடந்தது. 1971இல் மில்வாக்கியில் கொண்டாட்டம் தொடங்கியது. டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினர் ஆல் எட்வர்ட்ஸ் 1979இல் கொண்டுவந்த மசோதாவால், 1980 முதல் அங்கே இது மாநில விடுமுறையானது. எந்த மாநிலத்திலும் அதற்கு முன் இப்படி நடந்ததில்லை.

ஃபோர்ட் வொர்த் நகரின் ஓபல் லீக்கு 12 வயது இருக்கும்போது, 1939 ஜூன் 19 அன்று, வெள்ளையர் கும்பல் ஒன்று அவர் குடும்பம் புதிதாகக் குடியேறிய வீட்டை நாசமாக்கியது. ஆசிரியராகி ஓய்வு பெற்றவர், தம் 89ஆம் வயதில், 2016இல், இந்நாளை நாட்டின் விடுமுறையாக்கக் கோரி வாஷிங்டனை நோக்கி நடக்கத் தொடங்கினார். போகும் ஊர்களில் இரண்டரை மைல் நடப்பார். டெக்சஸ் காத்திருந்த இரண்டரை ஆண்டுக்கு அடையாளம் அது. 2020 மே மாதம் மினியாபொலிஸில் காவலரால் கொல்லப்பட்ட ஜார்ஜ் ஃபிளாய்ட் வளர்ந்தது, எமான்சிபேஷன் பூங்கா இருக்கும் ஹூஸ்டனின் மூன்றாம் வட்டாரத்தில். அந்தக் கொலைக்குப் பின் வந்த ஜூன்டீன்த் நாடெங்கும் நீதி கேட்கும் ஊர்வலங்களின் நாளானது. 2021இல் செனட் ஒருமனதாகவும் பிரதிநிதிகள் சபை 415-14 என்ற வாக்கிலும் விடுமுறை மசோதாவை நிறைவேற்ற, ஜூன் 17 அன்று அப்போதைய அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டபோது ஓபல் லீ அங்கே இருந்தார். 2024இல், கும்பல் அழித்த வீடு இருந்த அதே மனையில் அவருக்குப் புது வீடு கட்டிக் கொடுக்கப்பட்டது.

விடுமுறையானதும் வியாபாரமும் வந்தது. 2022இல் வால்மார்ட் ஜூன்டீன்த் பெயரிட்ட ஐஸ்கிரீமை விற்கப் புறப்பட்டு, எதிர்ப்பைக் கண்டு திரும்பப் பெற்றது. எதிர்த்தவர்களின் கோபம் நியாயமானதே. மறுபுறம், பல ஊர் விழாக்களில் உணவுக் கடைகளுக்கு நடுவே வாக்காளர் பதிவு மேசையும் போடப்படுகிறது.

அமெரிக்காவுக்கு வெளியிலும் இந்நாள் உண்டு. அடிமைத்தனத்திலிருந்து தப்பி, பழங்குடியினரான செமினோல்களோடு வாழ்ந்து, 1850இல் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்த கறுப்பினத்தவரின் வழித்தோன்றல்கள் கோவாயிலா மாநிலத்தின் நாசிமியெந்தோ கிராமத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஜூன் 19ஐக் கறுப்பர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். டெக்சஸில் இருக்கும் உறவினர்களும் எல்லை தாண்டி விழாவுக்கு வருவதுண்டு.