நீர்புகா ஆடையின் வரலாறும் நகர மாந்தர் கடனும்

மழையினின்று உடலைக் காக்கும் மேலாடையின் வரலாற்றை எழுதுவோர், நீர் புகாமை ஒன்றனையே அளவுகோலாகக் கொள்வது வழக்கம். அவ்வளவுகோல் நிறைவுடையதன்று. அணிந்தவனை நனையாது காத்த துணி, தான் ஆக்கப்பட்ட இடத்தும் எறியப்பட்ட இடத்தும் என்ன விளைத்தது என்பதும் அவ்வரலாற்றின்பாற் பட்டதே. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இவ்வாடை வளர்ந்த முறையை இந்நோக்கோடு ஈண்டு ஆராய்வாம்.

துணி நீரை விலக்குதற்கு வழிகள் இரண்டு. நீர்புகாப் படலம் ஒன்றைத் துணியோடு சேர்த்தல் ஒன்று. நூலும் நெசவுமே நீரைத் தடுக்குமாறு அமைத்தல் மற்றொன்று. முன்னதைப் படல நெறி என்றும், பின்னதை நெசவு நெறி என்றும் குறிக்கலாம்.

படல நெறியை வணிகத்திற்குக் கொணர்ந்தவர் கிளாசுகோ நகரத்து வேதியியலார் சார்லசு மாக்கின்டாசு. நிலக்கரியினின்று வளி எடுத்து நகரங்களில் விளக்கெரித்த காலம் அது. அத்தொழிலின் கழிவாகிய தாரினின்று கிடைத்த நாப்தாவில் இரப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கிடையே பூசி ஒட்டும் முறைக்கு அவர் 1823இல் காப்புரிமை பெற்றார். கழிவொன்று பயன்பட்டது உண்மையே. ஆயினும், அத்துணி குளிரில் விறைத்தது, வெயிலிற் பிசுபிசுத்தது. இரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குக் குட்இயரும் ஆன்காக்கும் 1840களில் காப்புரிமை பெற்றனர். அதன் பின்னரே அக்குறைகள் நீங்கின. வியர்வை வெளியேற வழியின்மையோ நீங்கவில்லை.

எஞ்சிய இக்குறைக்கு விடை தந்தது நெசவு நெறி. தாமசு பர்பரி 1879இல் கபர்டீன் என்னும் துணியை ஆக்கி, 1888இல் காப்புரிமை பெற்றார். நூலை முதலில் நீர் ஒட்டாவாறு பதப்படுத்திப் பின்னர் நெருங்க நெய்தலே அவர் கண்ட முறை. 1911இல் தென்துருவத்தை முதலில் அடைந்த ஆமுண்ட்சென் குழுவினர் அத்துணியைக் கொண்டு சென்றனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மான்செசுடர் நகரத்துச் சர்லி ஆய்வு நிலையத்தார் வெண்டைல் என்னும் பருத்தித் துணியை ஆக்கினர். நீண்ட இழைப் பருத்தியால் மிக நெருங்க நெய்யப்பட்ட அத்துணியில், நனைந்தவுடன் இழைகள் பருத்து இடைவெளிகளை அடைத்தன. கடலில் வீழும் விமானிகளைக் காத்தற்கு அது பயன்பட்டது. நனைந்தவழிக் கனத்தலும் விலை மிகுதலும் அதன் குறைகள்.

படல நெறி மீண்டும் மேலோங்கியது 1969க்குப் பின்னர். அவ்வாண்டில் அமெரிக்கரான இராபர்ட் கோர், டெஃப்லானை விரைந்து இழுத்து நுண்துளைகள் நிறைந்த பொருளாக்கலாம் எனக் கண்டார். அதனாலாகிய படலத்தில் நீர்த்துளி புகாது. வியர்வை ஆவி வெளியேறும். மேற்றுணியில் நீர் திரண்டு உருண்டோடுதற்கு ஃபுளோரின் சேர்மங்களைப் பூசும் வழக்கமும் பரவிற்று. கரிமத்திற்கும் ஃபுளோரினுக்கும் உள்ள பிணைப்பு மிக வலியதாகலின், அவை இயற்கையில் எளிதிற் சிதையா. மனிதர் வாழிடங்களுக்கு நெடுந்தொலைவில் உள்ள வடதுருவக் கரடிகளின் உடலிலும் இவ்வினச் சேர்மங்கள் காணப்பட்டன. இவற்றுள் இருவகையின, சுடாக்கோம் உடன்படிக்கையின்கீழ் 2009இலும் 2019இலும் கட்டுப்படுத்தப்பட்டன.

2025 சனவரி முதல் கலிபோர்னியா மாநிலம் புதிய ஆடைகளில் இவ்வினச் சேர்மங்களைத் தடைசெய்தது. எனினும், கடுமழையில் நெடுநேரம் இயங்கும் தேர்ந்தோர்க்கென ஆக்கப்படும் ஆடைகளுக்கு 2028 வரை காலம் தந்தது. இவ்வேறுபாடு கருதத்தக்கது. மலைமுகட்டிற் புயலை எதிர்ப்பவன் தேவை வேறு. பேருந்து நிலையத்திற்குக் கால்நாழிகை நடப்பவன் தேவை வேறு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

பருத்தி விளைச்சலும் நீரையும் பூச்சிமருந்தையும் வேண்டுவதாகலின், நெசவு நெறி முற்றும் குற்றமற்றது என்பது எம் கருத்தன்று. ஆயினும், நகரத்துச் சிறுமழைக்கு வேண்டிய காப்பை நெசவு நெறி நூறாண்டுகட்கு முன்னரே தந்துவிட்டது. துருவத்திற்கும் போருக்கும் அமைந்த ஆற்றலை அன்றாடத் தெருவிற்கும் வேண்டியதே பிழை. துணியின் தகுதியை அதன் ஆற்றலால் மட்டுமின்றித் தேவையோடு அது பொருந்துதலாலும் அளத்தல் வேண்டும். ஒரு மாலை மழைக்கு அணிந்த ஆடை, பல தலைமுறைக்கு நீங்காக் கறையை மண்ணில் விட்டுச் செல்லுதல் முறையாகாது.