தேடிப் போன வீடும் தேடி வந்த தெருவும்

ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும் சில நாள் இடைவெளியில் பிறந்தவை. 2004 ஜனவரியில் கூகுளில் பணியாற்றிய துருக்கியப் பொறியாளர் ஆர்குட் புயுக்கோக்டென் தன் பெயரிலேயே ஒரு தளத்தை உருவாக்கினார். பிப்ரவரி 4 அன்று ஹார்வர்டு விடுதி அறையிலிருந்து மார்க் ஸக்கர்பெர்க் ஃபேஸ்புக்கைத் தொடங்கினார். தொடக்கத்தில் முன்னதில் சேர உறுப்பினர் ஒருவரின் அழைப்பு தேவைப்பட்டது; பின்னதில் சேரப் பல்கலைக்கழக மின்னஞ்சல் தேவைப்பட்டது.

ஆர்குட் பிரேசிலிலும் இந்தியாவிலும் வேர்விட்டது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து, நண்பர் பக்கத்தில் ஸ்கிராப் என்னும் குறுஞ்செய்தி எழுதிய தலைமுறை அதை மறக்காது. நண்பர் எப்படி இருக்கிறார் என்று அறிய அவர் பக்கத்துக்கு நாம்தான் போகவேண்டியிருந்தது. அவரைப் பாராட்டி டெஸ்டிமோனியல் எழுதினால், அவர் ஏற்ற பிறகே அது வெளியே தெரிந்தது. வாசலில் நின்று குரல்கொடுத்து உள்ளே போகும் வீட்டு முறை அது. போலிக் கணக்குகளும் வெறுப்புக் குழுக்களும் அங்கேயும் இருந்தன. ஆனால் பெரும்பாலும் அவற்றைத் தேடிப் போனவரே கண்டார்.

ஃபேஸ்புக் 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்தது. எல்லார் வீட்டுச் செய்தியும் ஒரே தெருவாகி நம் கண்முன் ஓடியது. பயனர்கள் கொதித்தார்கள், ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார், ஃபீடு மட்டும் நிலைத்தது. அதே மாதம் 13 வயது நிரம்பிய அனைவருக்கும் தளம் திறந்தது. 2009இல் லைக் பொத்தான் வந்தது. எதை முதலில் காட்டுவது என்பதைக் கணினி நிரல் முடிவுசெய்தது. பயனர் அதிக நேரம் தங்கினால் அதிக விளம்பரம் விற்கலாம் என்பதே அதன் கணக்கு.

அந்தக் கணக்கு வென்றது. 2012இல் ஃபேஸ்புக்கின் பயனர்கள் 100 கோடியைத் தொட்டார்கள். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டது. வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் விலைக்கு வாங்கியதும் அதே ஆண்டில்தான்.

வெற்றிக்கு உலகம் கொடுத்த விலை 2018இல் வெளிப்பட்டது. 8.7 கோடிப் பேரின் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. மியான்மரில் வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

பார்ப்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையைவிட்டு நழுவியதே இந்த இரு தளங்களின் கதையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நண்பரின் பெயரைத் தட்டி அவர் பக்கத்துக்கே போய் நலம் கேட்கும் வழி ஃபேஸ்புக்கில் இன்றும் இருக்கிறது. அந்த வழியில் நாம் நடக்கவேண்டும்.