சவரக்கத்தியின் கதை



மாணவர்கள் ஒருவரையொருவர் ஏசும்போது முடிதிருத்தும் தொழிலின் பெயரையே வசைச்சொல்லாக வீசுவதை நம்மில் பலர் கேட்டிருப்போம். கண்டித்துவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். கண்டிப்பு மட்டும் போதாது. அத்தொழிலின் வரலாற்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஒரு பழைய சவரக்கத்தியே போதும்.

மழித்தல் என்பது தமிழில் பழஞ்சொல்; திருக்குறளிலேயே அது உண்டு. கத்தியைக் கையாளத் தெரிந்தவர் என்பதால், அக்காலத்து நாவிதரே கட்டியைக் கீறிப் புண்ணுக்கு மருந்திடும் வைத்தியராகவும் இருந்தார். அவர் குடும்பத்துப் பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தனர். 'மருத்துவர்' என்னும் பெயர் அச்சமூகத்திற்கு வழங்குவது இதனால்தான்.

அவர் கையில் இருந்தது மடக்குக்கத்தி. அதனைச் சாணைக்கல்லில் தீட்டித் தோல்வாரில் பதமாக்க வேண்டும். பழகாதவர் தொட்டால் கன்னம் கிழியும். ஆகவே சவரம் என்றால் நாவிதர் வரவேண்டும் என்பதே நிலை.

அமெரிக்காவில் காம்ப்ஃபே சகோதரர்கள் 1880இல் காப்புடைய கத்திக்கு உரிமம் பெற்றனர். ஆனால் அதன் அலகையும் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தீட்டவே வேண்டாத, தேய்ந்ததும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடு ஒன்றைக் கிங் கேம்ப் ஜில்லெட் கற்பனை செய்தார். அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்கும் வழியைக் கண்டவர் வில்லியம் நிக்கர்சன். 1903இல் விற்றவை 51 கத்திகளும் 168 பிளேடுகளும் மட்டுமே! 1904இல் உரிமம் கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு ஏறத்தாழ 35 இலட்சம் கத்திகளை வாங்கிப் படைவீரர்களுக்கு வழங்கியது. தானே சவரம் செய்துகொள்ளும் பழக்கம் அவர்களோடு ஊர் திரும்பியது.

இந்த வரலாற்றில் தமிழகத்திற்கும் இடமுண்டு. கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் சிற்றூரில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய 'ரேசண்ட்' என்னும் சவரக் கருவியை உருவாக்கினார். மிக மெல்லிய சவர பிளேடுகளும் அவருடைய கண்டுபிடிப்புகளில் அடங்கும். எடிசனை அறிந்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் நாயுடுவை அறிவர்?

இனி, பராமரிப்புக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த என் தந்தையார் விட்டுச்சென்ற மூன்று துண்டுக் கத்தியை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என மூன்றையும் கழற்றி, சவர்க்காரக் கறையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஈரம் போக உலர்த்த வேண்டும். பிளேடின் விளிம்பைத் துணியால் துடைக்கக் கூடாது, உதறினாலே போதும். 1960களில் துருப்பிடிக்காத எஃகு பிளேடு பரவும் வரை, நம் நாட்டுப் புழுக்கத்தில் பிளேடு விரைவில் துருவேறிவிடும். அதனால் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பார்கள். மழுங்கியதைக் கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் வைத்து விரலால் அழுத்தி, இப்படியும் அப்படியும் தேய்த்து, மேலும் சில நாள் ஓட்டுவார்கள். சிக்கனமே அன்றைய பொருளாதாரம்!

எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான மயிர், எஃகை எப்படி மழுக்குகிறது? விளிம்பு தேய்வது மட்டும் காரணமன்று. மயிர் சாய்வாகப் படும்போது விளிம்பு நுண்ணிய சில்லுகளாகப் பெயர்கிறது என்று மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். அறிவியல் வகுப்புக்கு நல்ல வினா இது.

பிளேடு வந்தபின்னும் முடிதிருத்துநர் தேவை குறையவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இந்தியர் நடத்தும் முடிதிருத்தும் நிலையங்களை நாடி எல்லா இனத்தவரும் வருகின்றனர். இரத்தத்தால் பரவும் நோய்களைத் தடுக்க, ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடை மற்றவருக்குப் பயன்படுத்தாமல், பாதியாக முறித்த புதிய பிளேடைக் கத்தியில் செருகிச் சவரம் செய்கின்றனர். கைத்திறன் அதே பழைய கைத்திறன்தான். ஆயினும் இளையோர் இத்தொழிலுக்கு வரத் தயங்குகின்றனர். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2009இல் விதிக்கப்பட்ட தடையால் பல கடைகள் ஆளின்றித் தவித்தன. முடிதிருத்தகம், ஜவுளி, நகை ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேரை அனுமதிப்பதாக அரசு 2023இல் அறிவித்தது. நம் பிள்ளைகள் தயங்குவதற்கு, வகுப்பறையில் வீசப்படும் அந்த வசைச்சொல்லும் ஒரு காரணம் அல்லவா?

பெற்றோர்களே, வீட்டில் தாத்தாவின் கத்தி இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டி இக்கதையைச் சொல்லுங்கள். அடுத்த முறை முடிவெட்டப் போகும்போது, கடைக்காரரிடம் தொழில் கற்ற விதத்தைப் பிள்ளையே கேட்கட்டும். ஆசிரியர்களே, வகுப்புக்குக் கத்தியைக் கொண்டு செல்வதாயின், பிளேடை மட்டும் மறக்காமல் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்!