பகை வளர்ந்த பாதை: பம்பாயின் வரலாறு

ஒரு நாட்டிற்குள்ளேயே தீவிரவாதம் எவ்வாறு முளைக்கின்றது என்று அறிய, பம்பாயில் குடியேறிய தமிழராகிய நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை. அப்பகைக்கு முதல் இலக்காக இருந்தவர்களுள் நாமும் அடங்குவோம்.

1960இல் மகாராஷ்டிர மாநிலம் அமைந்தது. தம்மொழிக்கென மாநிலம் கிடைத்த பின்னரும் மராத்தி இளைஞர் பலருக்கு உத்தியோகம் கிட்டவில்லை. இக்குறை மெய்யானதே. ஆயினும், குறையைத் தீர்ப்பதினும் குற்றவாளி ஒருவனைச் சுட்டிக்காட்டுவது எளிதன்றோ? ‘மார்மிக்’ என்னும் வார இதழ் நிறுவனங்களின் உயர் அலுவலர்களுள் தென்னாட்டுப் பெயர்களைத் திரட்டிப் பட்டியலிட்டது. அதன் ஆசிரியர் பால் தாக்கரே 1966 ஜூன் 19ஆம் நாள் சிவசேனையைத் தோற்றுவித்தார். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்த கணக்கரும் தட்டெழுத்தாளரும், தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலிச் சீமைத் தொழிலாளரும் ஒன்றுபோல ‘மதராசி’ ஆயினர். உடுப்பி உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. அவற்றை நடத்தியோர் பெரும்பாலும் துளுவரும் கன்னடியருமே என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை.

செங்கொடிச் சங்கங்களை அடக்க இப்படை பயன்படுமென எண்ணி, அன்றைய ஆளுங்கட்சியினர் சிலர் கண்டும் காணாதிருந்தனர். 1970 ஜூனில் பொதுவுடைமைக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் கொலையுண்டார். இடைத்தேர்தலில் அவர் தொகுதியைச் சிவசேனையே கைப்பற்றியது. தெருவில் நடத்தும் வன்முறைக்கு வாக்குப் பெட்டியில் பயனுண்டு என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. 1982இல் தொடங்கிய நூற்பாலை வேலைநிறுத்தத்தில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஈடுபட்டனர். அவர்களுள் பலர் ஆலைக்குத் திரும்பவே இல்லை.

பின்னர் பகைவன் மாறினான், முறை மாறவில்லை. 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டது. அன்றே தாராவியில் சிவசேனையினர் மிதிவண்டி ஊர்வலம் நடத்தி, காலா கில்லாவில் கூட்டம் கூட்டி ஆத்திரமூட்டும் உரை நிகழ்த்தினர் என நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பதிவு செய்திருக்கின்றது. அதற்குள் அச்சேனையில் தமிழர் சிலரும் சேர்ந்திருந்தனர் என்பதை நாம் மறைக்கலாகாது. நம் கடைகளை உடைத்த காலம் கழிந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது! டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் 900 பேர் மாண்டனர். அவர்களுள் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள்.

1993 மார்ச் 12 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 257 உயிர்கள் பறிபோயின. வெடிமருந்து கடல்வழியே வந்தது. கள்ளக்கடத்தற்காரர் அதனை இறக்கினர். ஆயினும் அயோத்தி நிகழ்ச்சிக்கும் பம்பாய்க் கலவரங்களுக்கும் எதிர்விளைவே அக்கொடுமை என்று 1998இல் அளித்த அறிக்கையில் கமிஷன் கூறிற்று. காரணம் கூறுவது வேறு, கொலைக்கு நியாயம் கற்பிப்பது வேறு.

குண்டுவெடிப்பு வழக்கில் நூறு பேர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் ஒருவர் 2015இல் தூக்கிலிடப்பட்டார். கலவர வழக்குகளிலோ தண்டனை பெற்றோர் மிகச் சிலர். பாதிக்கு மேற்பட்ட வழக்குகளைப் போலீசார், ‘குற்றம் நிகழ்ந்தது உண்மை, குற்றவாளி அகப்படவில்லை’ என்று எழுதி மூடிவிட்டனர்.